முதல் சொல் வரும் வரை

எங்கள் மேஸ்திரியைக் கண்ணால் பார்க்க முடியாது. கணினிக்குள் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு சேவை அது. அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் கோப்பில் மொத்தம் அறுபத்தொரு வரிகள். அவற்றில் நாற்பதை எழுதியவன் நான்.

சிங்காநல்லூரில் மூடிப்போன ஒரு நூற்பாலையை வாங்கி, அதன் பெரிய கூடத்தில் சர்வர்களை நிறுத்தியிருக்கிறார்கள். நூல் அறுந்துபோகாமல் இருக்க மில்லுக்குள் ஈரக் காற்றைக் கொண்டுவந்த குழாய்கள் சர்வர்கள் சூடேறாமல் இருக்கவும் உதவுகின்றன. ஆலை நின்று பத்தொன்பது வருஷம் ஆகிறது. கூரையில் பஞ்சு இன்னும் தீரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வடிகட்டிகளைக் கழற்றினால் விரல் கனத்துக்கு வெள்ளையாகப் படிந்திருக்கும். மில்லில் ஆட்களிடம் வேலை வாங்குகிறவர் மேஸ்திரி. அந்தப் பெயரையே இந்தச் சேவைக்கும் வைத்துவிட்டோம்.

கூடத்தில் அறுநூற்று இருபது பேர் இருக்கிறார்கள். எல்லோரும் இறக்கும் தறுவாயில் மருத்துவமனையில் மனம் நகலெடுத்து வைக்கப்பட்டவர்கள். ஒவ்வொருவருடைய மனமும் ஒரு மெய்நிகர் கணினிக்குள் ஓடுகிறது. கணினிக்குள் இன்னொரு கணினி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவருக்கு அதுவே தனி வீடு, தனி வாசல். வெளியிலிருந்து பார்த்தால் நாற்பது வீடுகள் ஒரே இரும்புப் பெட்டியில் இருக்கும். இந்தத் தொழிலில் வெளிப்பெட்டியை வீட்டுக்காரர் என்பார்கள், உள்ளே ஓடுவதை விருந்தாளி என்பார்கள். விருந்தாளிகளை எழுப்புவது, தேவைப்பட்டால் உறங்கவைப்பது, அவரவருக்கு நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது, இவையெல்லாம் மேஸ்திரியின் வேலை.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மேஸ்திரியை நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டால் விருந்தாளிகளுக்கு ஒன்றும் ஆகாது. அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். கோப்பில் ஒரு வரியை மாற்றினால் மேஸ்திரியை ஒருமுறை நிறுத்தி ஓட்ட வேண்டும், நாலு வினாடி வேலை. அந்த நாலு வினாடியில் தங்கள் உலகத்தின் சட்டம் மாறியது அறுநூற்று இருபது பேரில் ஒருவருக்கும் தெரியாது. எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு என்று பலமுறை வியந்திருக்கிறேன்.

அந்த அறுநூற்று இருபதில் இரண்டு பேர் என் குடும்பம். என் அக்கா நாச்சம்மாள், அவள் புருஷன் கிட்டுசாமி. மச்சான் வந்து நாலு வருஷம், அக்கா வந்து மூன்று வருஷம் ஆகிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விருந்தாளிகளைத் திரையில் பார்த்துப் பேசும் சந்திப்புக் கூடத்திலிருந்து அக்காவின் மகள் கோகிலவாணி நேராக என் மேஜைக்கு வந்தாள். ஞாயிறுதோறும் வருவாள். அம்மாவிடம் பத்து நிமிஷம், அப்பாவிடம் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போவாள்.

"மாமா, கொஞ்சம் நேரமிருக்குங்களா?"

"வா கண்ணு. டீ குடி."

"வேண்டாங்க மாமா, இப்பத்தான் குடிச்சேன்."

நான் பிளாஸ்க்கைத் திறந்து டம்ளர் நிறைய ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் எடுத்துக் குடித்தாள். எங்கள் பக்கத்தில் இதையெல்லாம் யாரும் யோசித்துச் செய்வதில்லை.

"அம்மாவுக்கு ஏதோ ஆயிப்போச்சுங்க மாமா."

"என்ன ஆச்சு?"

"பாப்பாவுக்கு ஸ்கூல்ல எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க, வீட்ல பெரியவங்க செஞ்ச வேலையப் பத்தி. சரி, அம்மாகிட்டயே கேக்கலாம்னு, 'ஏம்மா, மில்லுல உனக்கு என்ன வேலை'ன்னேன். 'எந்த மில்லு'ங்கறாங்க."

நான் சிரித்தேன். "விளையாடியிருப்பா."

"அம்மா என்னைக்குங்க மாமா விளையாடியிருக்காங்க? இருவத்திரண்டு வருஷம் இந்தக் கட்டடத்துலதானே வேலை பார்த்தாங்க. நீங்க உக்காந்திருக்கற இந்த எடத்துலதான் நூல் சுத்தற கோன் வைண்டிங் ஓடுச்சுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அவங்களுக்கு மில்லுன்னா என்னன்னே தெரியலீங்க."

திரையைத் திறந்து அக்காவின் எண்ணைத் தேடினேன். ஒவ்வொரு விருந்தாளியும் வரும்போது நூறு பங்கு நினைவகம் கொடுக்கிறோம். அக்காவின் பெயருக்கு நேரே பதினாலு என்று இருந்தது.

"அது என்னங்க பதினாலு?" என்றாள் கோகிலா, என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து.

எதையும் விளக்கிச் சொல்வதில் எனக்கு ஆசை அதிகம். அந்த நேரத்திலும் அது குறையவில்லை என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

"கல்யாண மண்டபத்துல நானூறு நாற்காலி போட்டுட்டு அறுநூறு பேருக்குப் பத்திரிகை வெக்கறோமா இல்லியா?"

"வெக்கறோம்."

"அறுநூறு பேரும் ஒரே பந்தியில உக்காந்தா என்ன ஆகும்?"

"அதெப்புடி உக்காருவாங்க? ஒருத்தரு ஒருத்தரா வருவாங்க, சாப்பிடுவாங்க, போவாங்க."

"அதேதான். இங்கேயும் நானூறு பேருக்குத்தான் எடம். அறுநூத்திருவது பேரு இருக்காங்க. எல்லாரும் எப்பவும் முழு எடத்தையும் பயன்படுத்தறதில்ல. சும்மா கெடக்கறத எடுத்து வேண்டியவங்களுக்குக் குடுக்கலாம். உலகம் பூரா சர்வர் இப்படித்தான் ஓடுது."

"ஆருகிட்ட எடுக்கறதுன்னு ஆருங்க முடிவு பண்றது?"

"மேஸ்திரி."

மேஸ்திரி ஆரம்பத்தில் அளந்து பார்த்து, சும்மா கிடப்பதைத் தானே எடுத்துக்கொள்ளும். உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் அதைப் பற்றிப் புகார் சொன்னார். "நான் யோசிச்சிட்டிருந்தேன். சும்மா இருக்கேன்னு நெனச்சுப் பாதியில உருவிட்டீங்களே" என்றார். அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. கேட்காமல் எடுப்பது திருட்டு அல்லவா? அதனால் நாற்பத்தோராம் வரியை மாற்றினேன். நாளுக்கு நாலு தடவை, ஒவ்வொரு விருந்தாளியிடமும் மேஸ்திரி வாய்விட்டுக் கேட்கும். அந்தக் கேள்வியை நான்தான் எழுதினேன்: "வணக்கம். இப்போது இருக்கும் இடம் உங்களுக்குப் போதுமா?" இனிமையான ஒரு பெண் குரலில் பதிவு செய்தோம். போதும் என்றால் ஒரு பங்கில் ஐம்பதில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். போதாது என்றால் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கும். நிர்வாகத்தில் என்னைப் பாராட்டினார்கள். மனிதர்களை மனிதர்களாக நடத்தும் ஏற்பாடு என்று ஒரு கூட்டத்தில் என்னைப் பேசக்கூட வைத்தார்கள்.

கோகிலா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா எத்தனை தடவை போதும்னாங்க?"

தேடிச் சொன்னேன். "நாலாயிரத்து முந்நூறு."

"போதாதுன்னு?"

"ஒரு தடவைகூட இல்ல."

"அப்பா?"

அதையும் பார்த்தேன். மச்சானுக்கு நூற்று அறுபத்து மூன்று பங்கு.

அவள் இரண்டு எண்களையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எடத்தை எடுத்தா எடந்தானே போகணும்? மில்லு எப்புடிங்க போச்சு?"

அதையும் விளக்கினேன். இடம் கொடு என்று மேஸ்திரி கேட்டதும், உள்ளே இருக்கும் ஒரு சின்ன நிரல் முதலில் நினைவகத்தில் எதுவும் எழுதாத காலிப் பக்கங்களைக் கொடுக்கும். காலி தீர்ந்த பிறகு, நெடுநாளாகத் தொடாத பக்கங்களைக் கொடுக்கும். முன்பெல்லாம் அவற்றை ஹார்ட் டிஸ்க் வட்டில் எழுதி வைத்துக்கொள்வோம். வட்டிலிருந்து திரும்ப எடுக்க நேரமாகும்; பேச்சு நடுவே திக்கும். எங்க அப்பா திக்குவாயா என்று குடும்பத்தார் சண்டைக்கு வந்தார்கள். முப்பத்தெட்டாம் வரியில் அந்த வழக்கத்தை நிறுத்தினேன்.

"அப்ப குடுத்தது?"

"குடுத்தது குடுத்ததுதான். திரும்பி வராது."

"நெடுநாளாத் தொடாததுன்னா..."

"யாரும் கேக்காதது. கேட்டாத்தானே ஞாபகம் வரும்? ஞாபகம் வந்தாத்தான் அந்தப் பக்கத்தத் தொட்ட மாதிரி."

கோகிலா டம்ளரை மேஜைமேல் வைத்தாள். "நான் வாராவாரம் அம்மாகிட்ட என்ன கேப்பேன்? ரசப்பொடிக்கு மல்லி எவ்வளவு. பாப்பாவுக்குச் சளி புடிச்சிருக்கு, என்ன குடுக்கறது. பீரோ சாவி எங்க வெச்சே. மூணு வருஷமா இதேதானுங்க மாமா கேட்டிருக்கேன். மில்லைப் பத்தி இன்னைக்குத்தான் மொதல் தடவையாக் கேட்டேன்."

அன்று மதியம் நானே சந்திப்பு அறையில் போய் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், தினமும் அந்தக் கட்டடத்தில் இருந்தும் அக்காவிடம் பேசி நாலு மாதம் ஆகியிருந்தது.

திரையில் அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வந்த புதிதில் அவளுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரம் இருந்தது. இப்போது வெறும் சுவர்.

"வா தம்பி. உக்காரு. நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேங்க்கா. நீ?"

"எனக்கென்ன சாமி. நல்லாருக்கேன்."

"ஏங்க்கா, ஒரு பொண்ணு வந்து போதுமா போதுமான்னு கேக்குதே..."

"ஆமா, தங்கமான புள்ள. நேரந்தவறாம வந்து கேக்கும்."

"அதுகிட்ட ஏன் எப்பப் பார்த்தாலும் போதும்னு சொல்றே?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் அதட்டல் இருந்தது. என்னை வளர்த்த அக்கா அந்தப் பார்வையில் மட்டும் மிச்சமிருந்தாள். "பின்னே? கேக்கறவங்ககிட்டப் பத்தலைன்னா சொல்லுவாங்க? நாலு பேரு இருக்கற எடத்துல?"

"உனக்குப் பத்துதா?"

"எனக்கென்ன சாமி. நல்லாருக்கேன்."

அதே சொற்கள், அதே ஏற்ற இறக்கத்தோடு வந்தன. குறைந்தபட்ச அளவு பன்னிரண்டு பங்கு என்று முப்பத்தாறாம் வரியில் வைத்தவனும் நான்தான். அதற்குக் கீழே போனால் பேச்சு நின்றுவிடும் என்று சோதித்துப் பார்த்து வைத்த எண் அது. பேச்சு நிற்காதவரை ஆள் இருப்பதாக எடுத்துக்கொண்டேன்.

"அக்கா, பருத்திப்பாலுன்னா உனக்கு என்ன ஞாபகம் வருது?"

மூன்றாம் ஷிப்ட் முடிந்து வரும்போது எனக்கென்று தூக்குப்போசியில் வாங்கி வருவாள். தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். நான் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே பார்ப்பாள்.

"பருத்திப்பாலா?" என்று யோசித்தாள். "பாப்பாவுக்குச் சளியா? மொளகு தட்டிப் போடச் சொல்லு."

அங்கிருந்து எழுந்து மச்சானின் அறைக்குப் போனேன். கோகிலா எனக்கு முன்பே அங்கே இருந்தாள். திரை முழுக்கத் தென்னந்தோப்பு. கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு மச்சான் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தபோதுகூட அவர் இத்தனை தெளிவாக இருந்ததில்லை.

"வாடா கம்ப்யூட்டரு! எங்க ரொம்ப நாளா ஆளையே காணோம்? மாமனும் மருமகளும் சேந்து வந்திருக்கீங்க, பஞ்சாயத்தா?"

"அப்பா, அம்மா மில்லுல என்ன வேலை பார்த்தாங்க?" என்றாள் கோகிலா.

"கோன் வைண்டிங். என்ன கேள்வி இது? மூணாவது வரிசையில ஜன்னலோரமா நிப்பா. நூல் அறுந்தா இவ போடற முடிச்சு கண்ணுக்கே தெரியாது. மேஸ்திரி பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்துட்டு, 'இது அறுந்துதா இல்லியா நாச்சம்மா'ன்னு இவகிட்டயே கேப்பாரு. நான் கேட் பக்கத்துல சைக்கிளோட நின்னுட்டு..." சொல்லிக்கொண்டே போனார். சாயம்போகாத சேலையின் நிறம், சங்கு ஊதும் நேரம், போனஸ் வாங்கிய அன்று பெய்த மழை. அக்காவின் இருபத்திரண்டு வருஷம் அவரிடம் சேதாரமில்லாமல் இருந்தது, அவர் பார்த்த அளவுக்கு.

கோகிலா அழ ஆரம்பித்ததும் நிறுத்தினார். நான் நிலவரத்தைச் சொன்னேன்.

"அந்தப் புள்ள வந்து பத்துமான்னு கேக்குது. பத்தலைன்னா எச்சாக் குடுக்குது. குடுக்கறத வேண்டாம்னு சொல்ல நான் என்ன பைத்தியமா?" என்றார். பிறகு வெற்றிலையைக் கீழே வைத்தார். "என்னதை எடுத்து அவளுக்குக் குடு. எவ்வளவு வேணுமோ எடுத்துக்க."

"எண்பது, தொண்ணூறு பங்கு போகுங்க மச்சான். உங்களுக்கும் கொஞ்சம் மறக்கும்."

அவர் தோப்பைத் திரும்பிப் பார்த்தார். "அவ கேட்டாளா?"

"இல்லீங்க."

"கேக்க மாட்டா" என்றார். "சோறு போடறப்ப சட்டியில மிச்சம் எவ்வளவுன்னு நானும் எட்டிப் பார்த்ததில்ல. எடுத்துக்கடா."

எடுத்தேன். கேட்டு எடுப்பதை அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் நிறுத்தினேன். மச்சானை எழுபத்தேழுக்கு இறக்கி அக்காவை நூறுக்கு உயர்த்தினேன். மேஸ்திரியை நிறுத்தி ஓட்டினேன். நாலு வினாடி.

மறுநாள் காலை அக்காவின் திரையில் வீடு திரும்பி வந்திருந்தது. பெரிய வீடு. அறைக்குப் பின் அறை, எல்லாம் வெள்ளைச் சுவர், ஒரு சாமான் இல்லை. இடத்தை மட்டுமே மேஸ்திரியால் திருப்பிக் கொடுக்க முடியும். அதில் முன்பு என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது. அக்கா அறை அறையாக நடந்துகொண்டிருந்தாள்.

"தம்பி, இது ஆரு வீடு?"

"உன்னுதுதாங்க்கா."

"இவ்வளவு பெருசா எனக்கெதுக்கு? வேற ஆராச்சும் எடமில்லாம இருப்பாங்க. அவங்களுக்குக் குடுத்துரு."

தென்னந்தோப்பு பாதியாகிவிட்டிருந்தது. மச்சான் யார் எதிரில் உட்கார்ந்தாலும், கேட் பக்கத்தில் சைக்கிளோடு நின்ற கதையைச் சொல்லத் தொடங்கினார். யாருக்காக நின்றார் என்பதில்தான் அவருக்குத் தடுமாற்றம் வந்தது.

எங்கள் நிர்வாகி அனுராதா மேடத்திடம் போனேன். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர், கெட்டவர் அல்ல. இருபது பங்குக்குக் கீழே இருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி எழுதிக்கொண்டு போயிருந்தேன். இருநூற்றுப் பதினொரு பேர். அதில் நூற்றுத் தொண்ணூற்றாறு பேர் பெண்கள்.

"சார், நான் உங்க வலியைப் புரிஞ்சுக்கறேன். ஆனா யாரும் எதையும் பிடுங்கலையே. ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கோம், அவங்களே சம்மதிச்சிருக்காங்க. குரல் பதிவு இருக்கு. நீங்கதானே அதை டிசைன் பண்ணீங்க?"

"அது சம்மதம் இல்லைங்க மேடம். மரியாதை."

"மெஷினுக்கு அது எப்படி சார் தெரியும்?"

கோகிலா எழுத்தில் புகார் கொடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தாள்; அதற்குப் பதிவுகள் வேண்டும். அவற்றை எடுக்க அனுமதி வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் மேஜைக்குத் திரும்பிக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அக்காவின் முதல் பதிவைத் திறந்தேன். இங்கே இன்னொரு வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்து மூன்றாம் வரி. கேள்வி கேட்டபின் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைச் சொல்லும் வரி அது. அறுநூற்று இருபது பேரிடம் நாளுக்கு நாலு தடவை கேட்கும்போது ஒவ்வொரு வினாடியும் கணக்கு. அதனால் 'முதல் சொல் வரும் வரை' என்று வைத்திருந்தேன். முதல் சொல் காதில் விழுந்ததும் மேஸ்திரி அடுத்த ஆளிடம் போய்விடும். ஆனால் சம்மதத்தைப் பதிவு செய்யும் நிரல் வேறு. சட்டப்படி ஒவ்வொரு பதிவும் இருபது வினாடி ஓடியாக வேண்டும். அந்த மிச்ச வினாடிகளை இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்க ஒரு காரணமும் இருக்கவில்லை.

"வணக்கம். இப்போது இருக்கும் இடம் உங்களுக்குப் போதுமா?"

"போதுமுங்க," என்றாள் அக்கா. வந்த முதல் நாள் குரல், தெம்பான குரல்.

பிறகு அமைதி. வினாடி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து, ஏழு, ஒன்பது.

"சரி," என்றாள் அக்கா மெதுவாக, சிரிப்பும் கூச்சமுமாக. "நீங்க இவ்வளவு சொல்றீங்க. ஒரு துளி வைங்க."

யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அங்கே யாரும் இல்லை.

இரண்டாவது பதிவைத் திறந்தேன். "போதுமுங்க." அமைதி. "ஒரு துளி வேணா வைங்க." மூன்றாவது. பத்தாவது. எங்கள் வீடுகளில் விருந்தாளி போதும் என்பார். அட, இன்னும் கொஞ்சம் என்று வீட்டுக்காரர் கரண்டியைச் சாய்ப்பார். அதன்பிறகு விருந்தாளி சாப்பிடுவார். முதல் போதும் என்பது பேச்சின் தொடக்கம். நானும் அந்த வீடுகளில் பிறந்து வளர்ந்தவன்தான். நூறாவது பதிவில் அவள் கேட்டாள்: "ஏனுங், போயிட்டீங்களா?"

ஆயிரமாவதில் இரண்டாம் வாக்கியம் இல்லை. போதும் என்றபின் காத்திருக்கும் மூச்சு மட்டும் கேட்டது. மூவாயிரத்தில் மூச்சும் காத்திருக்கவில்லை. கடைசிப் பதிவில் "வணக்கம்" என்ற சொல் முடிவதற்குள்ளேயே "போதும்" வந்துவிட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, யாரிடமும் சொல்லாமல் நாற்பத்து மூன்றாம் வரியை மாற்றினேன். போதும் என்றால் இருபது வினாடி காத்திரு. பிறகு 'இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்களேன்' என்று சொல். மறுபடி மறுத்தால் மூன்றாம் தடவையும் வற்புறுத்து. அந்த வாக்கியங்களை நானே என் குரலில் பேசிப் பதிவு செய்தேன். மேஸ்திரியை நிறுத்தி ஓட்டினேன்.

ஒன்பது மணிச் சுற்று எல்லாப் பெட்டிகளிலும் ஒரே நேரத்தில் தொடங்கியது. திரையில் பதில்கள் வந்து விழுந்தன. போதும், போதும், போதும். இருபது வினாடி. பிறகு ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. சரி, ஒரு துளி. நீங்க சொல்றதால. கொஞ்சமா வைங்க. உங்களுக்கு இருக்குதுங்களா? அப்ப வைங்க. பதினைந்து பங்கு மட்டுமே மிச்சமிருந்தவர்கள்கூட, எதை மறந்திருந்தாலும் இதை மறக்காமல் இருந்தார்கள். இருபது நிமிஷத்தில் ஐந்நூற்று எண்பது பேர் இலையை நீட்டிவிட்டார்கள்.

நானூறு பேருக்கான இடத்தில் கொடுக்க ஒன்றுமில்லை. கோப்பில் எழுதியிருந்தபடி மேஸ்திரி கொடுக்கத்தான் பார்த்தது. எல்லோரிடமிருந்தும் எல்லோருக்கும் எடுக்க ஆரம்பித்தது. ஒன்பதரை மணிக்குச் சந்திப்புக் கூடத்தில் எல்லாத் திரைகளும் திக்கின. பார்க்க வந்தவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். எந்தப் பக்கம் யாருடையது என்று மேஸ்திரி அலைந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், எல்லோருடைய வீட்டிலிருந்தும் ஏதேதோ போய்க்கொண்டிருந்தது.

அனுராதா மேடம் ஓடி வந்தார். "சார், என்ன பண்ணீங்க?"

"ரெண்டாவது தடவை கேட்டேங்க மேடம்."

"கொடுக்க இல்லாதப்ப எதுக்கு சார் கேட்டீங்க? முதல்ல பழையபடி மாத்துங்க."

மாத்த மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வினாடியும் ஒவ்வொருவரிடமிருந்தும் ஏதோ ஒன்று தொலைந்துகொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது? முதல் சொல் வரும் வரை என்று நானே திரும்பத் தட்டச்சு செய்தேன். நாலு வினாடி. திரைகள் சீராயின. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு துளி வைங்க என்று கேட்ட ஐந்நூற்று எண்பது பேரும், நல்லாருக்கோம் என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோகிலா வந்தாள். கையில் புகார்க் கடிதம் இருந்தது. எதிரில் உட்கார்ந்தாள்.

"பதிவெல்லாம் கேட்டீங்களா மாமா?"

"கேட்டேன் கண்ணு."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"போதும்னு சொன்னா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அவ்வளவுதானுங்களா? வேற ஒண்ணும் சொல்லலீங்களா?"

மூன்று வருஷம் அவள் அம்மா தினமும் நாலு தடவை யாருமில்லாத அறையில் காத்திருந்ததை, அந்த அறைக்கு நூறடி தள்ளி உட்கார்ந்து இவள் ரசப்பொடிக்கு மல்லி கேட்டதை, அதே கட்டடத்தில் நான் டீ குடித்துக்கொண்டிருந்ததை, எந்த வரியில் எழுதுவது?

"அவ்வளவுதான்" என்றேன்.

கோகிலா மூச்சு விட்டாள். தோள்கள் தளர்ந்தன. "அப்ப அவங்களாத்தான் குடுத்திருக்காங்க. மனசாரத்தான் குடுத்திருக்காங்க. அம்மா அப்படித்தானுங்க மாமா." கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

நான் பிளாஸ்க்கை எடுத்தேன். "டீ குடிக்கறியா?"

"வேண்டாங்க மாமா. போதும்."

நான் பிளாஸ்க்கின் மூடியைத் திருகி, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கே தெரியாமல் அவள் பார்வை காலி டம்ளரில் நின்றது. ஒன்பது வினாடி இருக்கும். பிறகு "சரிங்க மாமா, வரேன்" என்று எழுந்து போனாள்.